ஹெப்பரைற்றிஸ் பி: "அடக்கலாம், முழுசாப் போகாது" என்கிறார் டொக்டர். ஏன் போகாது? கீழ்க்காய்நெல்லி உதவுமா?

ஆரையம்பதி_வயல்காரன்
வணக்கம். போன மாதம் எங்கள் ஊரில் நடந்த இரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது, திரும்ப வந்து பரிசோதிக்கச் சொன்னார்கள். இப்போது ஹெப்பரைற்றிஸ் பி என்று உறுதியாகிவிட்டது. வயது 31, செங்கண்மாரி ஒரு நாளும் வந்ததில்லை, மூட்டை தூக்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் கிளினிக்கில் சனம் கூட. "இன்னும் சில டெஸ்ட் எடுப்போம், குளிசை தேவையா என்று அப்புறம் பார்ப்போம், இது முழுசாப் போகாது, அடக்கி வைக்கலாம்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஏன் போகாது என்று கேட்க நினைத்தது வாயில் வரவே இல்லை.

வீட்டில் அம்மம்மா கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, பாலில் கலந்து தருகிறார். நாலு நாளாகக் குடிக்கிறேன். மனைவிக்கும் இரண்டு வயது மகனுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பெரிய பயம். அம்மம்மா என் கோப்பையையும் பீங்கானையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார், அது வேறு மனவருத்தம்.

ஆய்வுகூட_அக்கா
தம்பி, முதலில் கோப்பையையும் பீங்கானையும் திரும்ப எடுத்து வையுங்கள். சோறு, தண்ணீர், இருமல், கட்டிப்பிடிப்பது, இதனால் எல்லாம் பி பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழி. பல்துலக்கும் பிரஷையும் சவர பிளேடையும் மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மனைவிக்கு உடனே ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் என்றால் தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும். மகன் 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி போட்டிருப்பான், அதற்குள் இதுவும் இருக்கிறது. கார்டை எடுத்துப் பாருங்கள், ஆனாலும் அவனையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். நம் இலங்கையில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003 இல்தான் வந்தது, உங்கள் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் கிடைத்திருக்காது.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வைரஸின் டிஎன்ஏ எவ்வளவு, ஈரல் நொதியம் எவ்வளவு, ஸ்கேனில் ஈரல் எப்படி, மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் குளிசை தொடங்குவதா இல்லையா என்று சொல்வார்கள். எல்லோருக்கும் குளிசை தேவைப்படாது. சாராயம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

வந்தாறுமூலையில்_படித்தவன்
"ஏன் போகாது" என்பதற்கு நான் வருகிறேன். இப்போது வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் இந்த வைரஸின் பரம்பரை அலகுகளை எது திறக்கிறது, எது மூடுகிறது என்று பார்ப்பதுதான் என் சோறு. கொஞ்சம் நீளும்.

மனிதனுடைய டிஎன்ஏயில் ஏறக்குறைய 300 கோடி எழுத்து. இந்த வைரஸுக்கு வெறும் 3200. அதற்குள் நாலு பரம்பரை அலகு, இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, ஒரே எழுத்தையே இரண்டு விதமாக வாசிக்கும். எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான். ஈரல் கலத்துக்குள் நுழைந்ததும் இந்தச் சின்ன வளையம் கருவுக்குள் போய், அரைகுறையாக இருந்த இழையை நம்முடைய கலத்தின் திருத்தும் புரதங்களைக் கொண்டே சரி பண்ணி, முழுசாகப் பூட்டிய வளையமாகிவிடும். நாங்கள் சிசிசி டிஎன்ஏ என்போம். நம்முடைய டிஎன்ஏ சுற்றியிருக்கும் அதே ஹிஸ்டோன் புரதத்தையே அதுவும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

நீங்கள் வயல்காரர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். கோரைப்புல்லை மேலால் அறுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். அந்த வளையம்தான் கிழங்கு. அதிலிருந்து ஆர்என்ஏ எடுக்கப்படும், அந்த ஆர்என்ஏயைத் திரும்ப டிஎன்ஏயாக்கித்தான் புது வைரஸ் கட்டப்படும். டெனோபோவிர், என்டெகாவிர் குளிசைகள் தடுப்பது இந்தக் கடைசி வேலையை. ரத்தத்தில் வைரஸ் காணாமலே போகும், ஈரல் ஆறும், புற்றுநோய் ஆபத்தும் குறையும், ஆனால் கிழங்கில் கை படாது. டொக்டர் சொன்னது இதைத்தான். நேரம் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அந்த வளையத்தைத் திறந்து வைப்பதற்கு வைரஸுக்கு எக்ஸ் என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் கலத்தில் வெளியிலிருந்து வந்த இப்படியான வளையங்களைப் பிடித்து ஊமையாக்கும் ஒரு காவல் புரதக் கூட்டு உண்டு, பெயர் எஸ்எம்சி 5/6. எக்ஸ் அதைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறது. 2016 இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. எக்ஸைத் தடுக்க முடிந்தால் வளையம் இருந்தும் வாய் திறக்காது என்பது எங்களைப் போன்றவர்களின் ஆசை. இன்னும் மருந்தாகவில்லை.

இன்னொன்று. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு நிரந்தரமாகத் தங்கும். பெரிய ஆளாகித் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானாகவே போய்விடும். உங்களுக்கு அநேகமாகச் சின்ன வயதிலேயே வந்திருக்கும், அதனால் யாரையும் சந்தேகப்பட்டு வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம்.

அக்கரைப்பற்று_காக்கா
எல்லாம் சரி தம்பி. ஆனால் எங்கள் ஊரில் செங்கண்மாரி வந்த நாலைந்து பேருக்கு இந்த இலைச்சாறு குடித்துத்தான் மாறியது, என் கண்ணால் பார்த்தது. அதற்குப் பதில் சொல்லாமல் வளையம், கிழங்கு என்று போகிறீர்களே.

வந்தாறுமூலையில்_படித்தவன்
காக்கா, நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அந்த நாலைந்து பேருக்கும் வந்தது அநேகமாக ஹெப்பரைற்றிஸ் ஏ, வேறு வைரஸ். அழுக்குத் தண்ணீரில் வருவது, கண் மஞ்சளாகும், சில கிழமையில் தானாகவே போகும், தங்கவே தங்காது. இலை குடித்தாலும் மாறும், வெறும் கஞ்சி குடித்தாலும் மாறும். பேர் இலைக்குப் போய்விட்டது.

ஆனால் கீழ்க்காய்நெல்லியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976 இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கே இந்தச் செடியை ஆய்வுக்கு எடுத்தவர். சென்னையில் தியாகராஜன் குழுவினர் அவரோடு சேர்ந்து 1988 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: 30 நாள் குடித்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து போனது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் தூள் குடித்த 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஒரே மாதிரி இருக்கும் செடிகள் பல, எந்த மண்ணில் எப்போது பறித்தது என்பதும் மாறும், இதெல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் திரும்பச் செய்தபோது வராத பலனை நம்பி ஒரு ஆளின் ஈரலைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று: 1997 இல் ஆய்வுகூடத்துக் கலங்களில் இந்தச் சாற்றைப் போட்டுப் பார்த்தார்கள். வைரஸின் பரம்பரை அலகுகளை உசுப்பிவிடும் இடம் ஒன்று இருக்கிறது, என்ஹான்சர் 1 என்பார்கள். அதில் ஈரலின் சொந்தப் புரதங்கள் சில வந்து ஒட்டினால்தான் வேலை தொடங்கும். வைரஸ் ஈரலை விட்டு வேறெங்கும் நன்றாக வளராததற்கு இதுவும் ஒரு காரணம். சாறு அந்தப் புரதங்கள் செய்யும் உசுப்பலைக் குறைத்தது. ஆக இலையில் ஏதோ இருக்கிறது. ஆனால் தட்டில் வளர்த்த கலம் வேறு, அம்மம்மா கொடுக்கும் கோப்பை வேறு. குடிப்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதை நம்பி கிளினிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆரையம்பதி_வயல்காரன்
மெத்தப் பெரிய உபகாரம். கிழங்குக் கதையை அம்மம்மாவுக்குச் சொன்னேன், "அப்ப கிழங்கோட பிடுங்க மருந்து கண்டுபிடிக்கச் சொல்லு மனே" என்கிறார். பீங்கான் திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று கேட்க வேண்டும், சிரிக்க வேண்டாம். இடுப்பு வலிக்கு ஒருவரிடம் ஒரு வருடமாகத் தூள் வாங்கிக் குடிக்கிறேன், குடித்த அரை மணித்தியாலத்தில் வலி பறந்துவிடும். அதைத் தொடரலாமா?

வந்தாறுமூலையில்_படித்தவன்
சிரிக்கவில்லை, பயமாக இருக்கிறது. பெயரில்லாத தூள் அவ்வளவு வேகமாகக் கேட்டால் அதில் ஸ்டெரொயிட் கலந்திருக்கக்கூடும். ஸ்டெரொயிட் நம் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும், அதோடு இந்த வைரஸின் டிஎன்ஏயிலேயே ஸ்டெரொயிட்டுக்குப் பதில் சொல்லும் ஒரு துண்டு இருக்கிறது, 1986 இலேயே காட்டிவிட்டார்கள். அதாவது நீங்கள் குடிக்கும் தூள் அந்த வளையத்தின் சுவிட்சைப் போடக்கூடும். ஆனால் ஒரு வருடம் குடித்ததை நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, அமுங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி ஒரேயடியாக எழும்பி ஈரலைத் தாக்கலாம். அடுத்த டெஸ்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள், தூளையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆய்வுகூட_அக்கா
அவர் சொல்வதேதான். கூட்டமாக இருந்தாலும் உள்ளே போனதும் முதல் வார்த்தையாகத் தூள் விஷயத்தைச் சொல்லுங்கள் தம்பி, மற்றதெல்லாம் பிறகு.

ஆரையம்பதி_வயல்காரன்
பொட்டலத்தை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். விடியற்காலை நம்பர் எடுக்கப் போகிறேன், மனைவியும் வருகிறாள்.