கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பவர் கொடுத்த இடத்தில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

வேலூர் தம்பி:
சித்தி பையன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான். அவனுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் பவர் தரும் பெட்டி) கார்டுக்கான எட்டுப் பின் வயரே கிடையாது. கடையில் கேட்டதற்கு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் தரும் சாட்டா பிளக்கில் சொருகி எட்டுப் பின்னாக மாற்றிக்கொள்ளும் ஒரு கேபிளைக் கையில் கொடுத்து "போடுங்க, ஓடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஓடத்தான் செய்தது. படம், யூடியூப் எல்லாம் சரியாகவே இருந்தது. கேம் போட்ட அன்று கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, கருவாடு சுட்ட மாதிரி ஒரு வாடை. நான் போய்ப் பக்கத் தகட்டைக் கழற்றினால் சாட்டா பிளக் கொப்புளித்து, ஆண் பக்கமும் பெண் பக்கமும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கிறது. மஞ்சள் வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்தில் உறை உருகிச் செம்பு தெரிகிறது, பக்கத்துக் கறுப்பு வயரைத் தொட நூலிழைதான் பாக்கி. அந்த மேசையை ஒட்டித்தான் ஜன்னல் திரைச்சீலை தொங்குகிறது. அந்தச் செம்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இந்தக் கேபிளை இன்னும் ஏன் விற்கிறார்கள்?

ரிச்சி தெரு சர்வீஸ்:
தம்பி, கணக்கு எளிது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். எட்டுப் பின் என்றால் 150 வாட் வரை இழுக்கலாம் என்று கார்டு எடுத்துக்கொள்ளும். வயர் எங்கே தாங்கும்?

என் மனதை விட்டுப் போகாதது வேறு கேஸ். ஒருவர் வீட்டிலேயே எஸ்எம்பிஎஸ் மாற்றினார். பழையது கேபிள்களைத் தனியாகக் கழற்றிச் சொருகும் மாடுலர், புதியதும் மாடுலர், இரண்டும் ஒரே கம்பெனி. அதனால் கேபினட்டுக்குள் அழகாகக் கட்டி வைத்திருந்த பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினார். பட்டனை அமுக்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கார்டு தப்பித்தது, ஹார்ட் டிஸ்க் இரண்டும் போய்விட்டன. என் கடையில் அந்தக் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துக் காட்டினேன், 5 வோல்ட் வரவேண்டிய பின்னில் 12 வோல்ட். மனிதர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி கல்யாண போட்டோ மொத்தமும் அதில்தான் இருந்ததாம். கார்டு, டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குக் கிடையாது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் பின் வரிசை மாறும். உள்ளே பொருந்துகிறது என்பதை நம்பாதீர்கள்.

சேலம் கேமர்:
அடாப்டரையே குற்றம் சொல்வது சரியில்லை ப்ரோ. நான் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஆறு பின் உள்ள மாடல், மோலெக்ஸ் (பழைய டிஸ்க்குகளுக்கான நாலு பின் பவர் பிளக்) அடாப்டரில்தான் ஓட்டுகிறேன். வருஷக்கணக்கில் ஓடுகிறது, தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸில் நல்ல கேபிள் போட்டாலும் எரியத்தான் செய்யும். சித்தி பையன் வீட்டில் எஸ்எம்பிஎஸ் என்ன மாடல் என்று முதலில் சொல்லுங்கள்.

திருச்சி இஇஇ:
சேலம் ப்ரோ, உங்கள் உதாரணம் இங்கே பொருந்தாது. 1050 டிஐ மொத்தமே 75 வாட் கார்டு, அதில் ஒரு பெரிய பங்கு மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் வழியாகவே போய்விடும், அடாப்டருக்கு வேலையே இல்லை. சூடு எங்கிருந்து வரும்? 580 கார்டு மொத்தம் 185 வாட். ஸ்லாட்டில் 12 வோல்ட் பக்கம் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட்தான் எடுக்கலாம். அதையும் தாண்டி இழுத்ததால்தான் 2016-இல் ஆர்எக்ஸ் 480 வந்தபோது அவ்வளவு சத்தம் கிளம்பியது, அந்த ஆண்டு ஜூலையிலேயே அதைச் செய்த ஏஎம்டி கம்பெனி டிரைவர் மென்பொருளில் சரி செய்தது. ஆக 580-க்கு மீதி கிட்டத்தட்ட 120 வாட் அந்தக் கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும். எஸ்எம்பிஎஸ் தங்கத்தில் செய்திருந்தாலும் சாட்டா பின் அதே பின்தான்.

நான் பார்த்தது சின்ன விஷயம். நண்பன் வீட்டில் கேபினட்டோடு வந்த '450 வாட்' எஸ்எம்பிஎஸ், லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசசரும் 12 வோல்ட்டைத்தானே தின்கின்றன, மேலே பெரிதாக அச்சடித்த 450-ஐ வைத்து என்ன செய்வது?

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியதை விட்டுவிட்டு லேபிளில் 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை, பாதுகாப்புக்கு அது சாட்சி ஆகாது. எட்டுப் பின் சாக்கெட் இரண்டு இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள், ஒரே கேபிளில் வால் மாதிரி தொங்கும் இரண்டாவது பிளக்கைப் பெரிய கார்டுக்குப் போடாதீர்கள். சிபியு பிளக்கும் எட்டுப் பின்தான், அது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். கலர் வயராக இருந்தால் கார்டுடையதில் மூன்று மஞ்சள் (12 வோல்ட்) ஐந்து கறுப்பு (கிரவுண்டு), சிபியுவில் நாலுக்கு நாலு. மாற்றி அழுத்தினால் நேரடி ஷார்ட். அப்புறம் யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான், கேம் நடுவே கரண்ட் போனால் அது கத்திவிட்டு விழுந்துவிடும்.

கோவை ரெண்டர்:
எங்கள் ஆபீஸில் கட்டட டிசைன் ரெண்டர் போடும் மெஷின், ஆர்டிஎக்ஸ் 4090, 16 பின் கனெக்டர் (பவருக்குப் பெரிய பின் பன்னிரண்டு, சின்ன சென்ஸ் பின் நாலு). எஸ்எம்பிஎஸ் நல்லது, கேபிள் அதோடு வந்தது, யாரும் அடாப்டர் போடவில்லை. கேபினட்தான் ஒடுக்கம். கண்ணாடிக் கதவை மூடும்போது கேபிள் கனெக்டர் வாயிலேயே மடங்கி அழுந்தியது, அசெம்பிள் செய்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு ராத்திரி ரெண்டர் பாதியில் நின்றது. காலையில் பிளக்கை இழுத்தால் வரவில்லை, ஆட்டி ஆட்டி எடுத்தபோது ஓரத்து இரண்டு ஓட்டைகள் பழுப்பாகி வாய் விரிந்திருந்தன, மற்ற பெரிய ஓட்டைகள் பத்தும் புத்தம் புதுசு. அந்த இரண்டுதான் என்னை உறுத்துகிறது. எல்லாமே கருகியிருந்தால் லோடு அதிகம் என்று விட்டிருப்பேன்.

பிறகு படித்துப் புரிந்துகொண்டது: 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், 12 வோல்ட் கொண்டுவரும் ஆறு வயருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 8.3 ஆம்பியர். பின் தாங்குவது 9.5 ஆம்பியர்தான். 4090-இல் ஆறும் போர்டில் ஏறிய உடனே ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன, எந்த வயரில் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டுக்குத் தெரியாது. இரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் அவற்றின் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். 2025 பிப்ரவரியில் ஜெர்மன் ஓவர்கிளாக்கர் (கார்டுகளை வரம்பு தாண்டி ஓட்டிச் சோதிப்பவர்) ரோமன் ஹார்ட்டுங் ஆர்டிஎக்ஸ் 5090-இல் அளந்தபோது ஒரே வயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. 2022 நவம்பரில் 4090-ஐச் செய்யும் என்விடியா, பிளக் முழுதாக உள்ளே போகாததுதான் காரணம் என்று சொன்னது. அதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் பிறகு வந்த 12வி-2×6 கனெக்டரில் பிளக் சொருகியதைக் கார்டுக்குச் சொல்லும் சின்ன சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், பிளக் அரைகுறையாக நின்றால் கார்டு பவர் எடுக்காது. ஆனால் இவ்வளவு ஒட்டிய கணக்கில் ஒரு கனெக்டரைச் செய்துவிட்டு, வாங்கியவன் விரலில் பழியைப் போடுவது எனக்கு இன்றுவரை ஏற்கவில்லை.

நாகர்கோவில்:
இங்கே எல்லாரும் கேபினட்டுக்கு உள்ளேயே பார்க்கிறீர்கள். மாமா வீட்டில் டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் சொருகப் போனேன். பிளக்கின் தகரம் கார்டின் தகரத்தைத் தொடும் முன்பே பொட்டென்று ஒரு நீலப் பொறி. கேபினட்டைப் புறங்கையால் தொட்டால் சுர்ரென்கிறது. சுவரில் பழைய இரண்டு பின் பாயிண்ட், அதில் மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர். எர்த் போக வழியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் லைனுக்கும் கேபினட் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் கேபினட் உடம்புக்கும் நடுவே இருக்கின்றன, எர்த் இல்லாவிட்டால் கேபினட் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு, ஆனால் அந்தப் பொறி போவது கார்டின் எச்டிஎம்ஐ போர்ட் வழியாக. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் பாயிண்டுக்கு எர்த் இழுத்த பிறகு பொறியும் இல்லை, சுர்ரும் இல்லை. அதுவரை மாமா செருப்புப் போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்.

சேலம் கேமர்:
திருச்சி ப்ரோ, 66 வாட் கணக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோலெக்ஸையும் சாட்டாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், மோலெக்ஸ் பின் தடிமனானது. கோவை அண்ணே, அந்த 4090 பிழைத்ததா?

கோவை ரெண்டர்:
பிழைத்தது. சர்வீஸில் கார்டு பக்கத்து சாக்கெட்டை எடுத்துவிட்டு வேறு சாலிடர் செய்தார்கள், கேபிள் புதுசு. கேபினட்டையும் மாற்றிவிட்டோம், இப்போது கனெக்டரிலிருந்து நாலு விரல்கடை நேராக வந்த பிறகுதான் கேபிள் வளைகிறது. பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்திருக்கிறேன், ரெண்டர் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலூர் தம்பி, அந்த 580 என்ன ஆனது?

வேலூர் தம்பி:
கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணே. 550 வாட், நிஜமான எட்டுப் பின் வயரோடு வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கிக் கொடுத்தேன். சேலம் ப்ரோ கேட்ட பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மாடல் பெயரே இல்லை, '500' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான். எரிந்த கேபிளை அந்தக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து நீட்டினார்கள்.