இறக்கையை விடுங்கள், உடம்பைப் பார்த்ததுண்டா? பாலக்காட்டு எல்லை அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்: தென்மேற்குப் பருவமழைக்கு முந்தி நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக எங்கள் தென்னந்தோப்பைத் தாண்டிக் கிழக்கே போகும். கம்பியில் இருந்த கரிச்சான் அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு தும்பியைப் பிடித்தது. இந்த வண்ணத்துப்பூச்சிகளுக்கு விஷம் இருப்பது தெரிந்த விஷயம்தான். நான் கவனித்தது உடம்பை. ஒல்லியான மார்பு, நீண்ட வயிறு, அவசரமே இல்லாத பறப்பு. நேர்மாறாக யாராவது பார்த்தீர்களா?

அகளி விவசாயி: பார்க்காமல் என்ன அண்ணா! அட்டப்பாடியில் பலாப்பழம் விழுந்து அழுகினால் நவாப் வண்ணத்துப்பூச்சி வந்துவிடும். பருத்த மார்பு, பயில்வான் மாதிரி. கை நிழல் பட்டால் போதும், சர்ரென்று மர உச்சிக்குப் போய்விடும். இறக்கையை அடிக்கும் தசை மார்பில்தானே இருக்கிறது? விஷம் கிடையாது, தப்பித்து ஓடித்தான் பிழைக்க வேண்டும். ஆனால் குளிர்ந்த காலையில் அந்த வேகம் வராது. உடம்பு சூடேற வேண்டும்.

சித்தூர் டீச்சர்: பெங் சாய், ராபர்ட் ஸ்ரைக்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990-ல் எழுதியது இதைத்தான். கோஸ்டாரிகாவில் ஜகமார் என்ற பறவை பறக்கும் வண்ணத்துப்பூச்சியையே பிடித்துத் தின்னும். அது விரும்பித் தின்பவற்றுக்கு அகன்ற மார்பு, குட்டை உடம்பு, சூடும் வேகமும் அதிகம். ஒதுக்குபவை ஒல்லி, மெதுவாகப் பறப்பவை. நம் பக்கம் ஜகமார் கிடையாது, பஞ்சுருட்டானும் கரிச்சானும்தான்.

மீனாட்சிபுரம்: வேஷக்காரியை விட்டுவிட்டீர்களே! எங்கள் கறிவேப்பிலையில் முட்டையிட வரும் பெண் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கை அப்படியே ரோசா அழகி என்ற இன்னொன்றுதான். ஆடுதின்னாப்பாளை தின்று விஷமேறிய ரோசா அழகிக்கு உடம்பு சிவப்பு, இவளுக்குக் கருப்பு. யாரும் துரத்தாதபோது அவளைப் போலவே நிதானமாகப் பறப்பாள். அன்று பூனை பாய்ந்ததும் நிதானமெல்லாம் போச்சு, வளைந்து நெளிந்து வேலி தாண்டிவிட்டாள்.

அகளி விவசாயி: பூனைக்கு வேஷம் எங்கே புரியப்போகிறது!

கொழிஞ்சாம்பாறைக்காரன்: விஷமும் எல்லாரிடமும் செல்லாது. எருக்கஞ்செடியில் கும்பிடுபூச்சி ஒன்று விஷமுள்ள வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தது, படம் நாளைக்குப் போடுகிறேன். டீச்சர், உங்கள் பக்கம் சிலந்தியும் இவற்றைப் பிடிக்கிறதா?