பளிச்சென்ற சிலந்தி விஷமா? நிறத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

தோட்டக்காரன்:
சிங்கப்பூர் மெக்ரிட்சி காட்டு நடைபாதையோரம் பெரிய வலை கட்டிக் காத்திருக்கும் கறுப்பு, மஞ்சள் சிலந்தி நெஃபிலா பிலிபெஸ். வலை இழையே மஞ்சளாக மின்னும். பார்க்கத்தான் பயங்கரம், பிடித்து அழுத்தினாலொழியக் கடிக்காது. முள் முளைத்த முதுகுடைய காஸ்டெராகாந்தா, வலை நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போடும் ஆர்கியோப், இரண்டாலும் மனுஷனுக்கு ஆபத்தில்லை.

அடுக்குமாடி அக்கா:
அண்ணே, வீட்டுக்குள்ள வர்றது அந்த வண்ணச் சிலந்தி இல்லையே! கழிவறைச் சுவரில் தட்டையா ஒட்டிக்கிட்டு, விளக்கைப் போட்டதும் பக்கவாட்டில் பாயுறது ஹன்ட்ஸ்மன். பழுப்பு நிறம், கண்ணுக்குக் கீழே வெளிறின பட்டை. இரை பிடிக்க வலை கட்டாது, கரப்பானைத் தின்னும். வெளியே விட அகலமான டப்பாவைக் கவிழ்த்து, கெட்டி அட்டையை அடியில் மெல்லச் சொருகுங்க. டப்பா சின்னதா இருந்தா கால் நசுங்கும், அப்பதான் கடிக்கப் பார்க்கும்.

எட்டுக்கண்:
வாட்ஸ்அப்பில் சுத்துற 'முதுகில் சிவப்புக் கோடு' சிலந்தி ஆஸ்திரேலியாவின் ரெட்பேக், 'விடோ' என்கிற விஷச் சிலந்தி வகையைச் சேர்ந்தது. பெண்ணுக்குத்தான் அந்தப் பளபளக்கும் கறுப்பு, உடம்பு சுமார் 1 செ.மீ. ஆண் சின்னது, பழுப்பு. குட்டிக்கு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அதனால கோடு இல்லைன்னு தொட்டுடாதீங்க. சரக்கோடு பல நாடுகளுக்குப் பரவினது அதே விடோ வகையில் இன்னொரு இனம், பிரவுன் விடோ. மங்கின பழுப்பு, கால்ல வளையம். கவிழ்த்துப் பார்த்தா வயிற்றில் உடுக்கை மாதிரி ஆரஞ்சுக் குறி. அதைவிட உறுதியான அடையாளம் முட்டைப்பை: உருண்டையா, சுத்திலும் முள்ளா இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியிலும் பூந்தொட்டி விளிம்பிலும் கைவிடும் முன்னால பாருங்க.

தோட்டக்காரன்:
முதுகில் வயலின் மாதிரி குறி இருக்கிற விஷச் சிலந்தின்னு சொல்றாங்களே, அது?

எட்டுக்கண்:
அது அமெரிக்க ரெக்லூஸ். குறியை விடுங்க, கண்ணை எண்ணுங்க: ரெண்டு ரெண்டா மூணு ஜோடி, மொத்தம் 6. அதிலும் குழப்பம் உண்டு. ஆளுக்கு ஒன்னும் செய்யாத துப்பும் சிலந்திக்கும் 6 கண்தான். ஆனா அதுக்கு முன்னுடம்பு மேடா எழும்பியிருக்கும், கால்ல வரி இருக்கும். ரெக்லூஸ் காலில் வரியே கிடையாது.

அடுக்குமாடி அக்கா:
படம் எடுத்தா கண்ணாடி டப்பாவில் வச்சு மேல், கீழ், முகம் மூணும் எடுங்க. பக்கத்தில் ஒரு நாணயம் வைங்க, அளவு தெரியும். மேலே மட்டும் எடுத்த படத்தை வச்சு விடோவைச் சொல்றது கஷ்டம்.

எட்டுக்கண்:
கடிச்சா சோப்புத் தண்ணியில் கழுவி, துணியில் சுத்தின ஐஸ் வைங்க. கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. விடோ கடியில் கட்டு வலியைத்தான் கூட்டும். வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பரவும் வலி வந்தா மருத்துவமனைக்குப் போங்க. மூச்சுத் திணறினா சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐக் கூப்பிடுங்க.