சூப்பர் ஹீரோ கதைகள் சிறுவர்களுக்கா, பெரியவர்களுக்கா?

கேள்வி:
அண்மைக்கால பேட்மேன் படங்களைப் பத்து வயது மகனுடன் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. சிறுவர்களை நம்பி வளர்ந்த கதைகளைப் பெரியவர்களுக்கென்றே எடுப்பது நியாயமா?

பதில் 1:
சிறுவர்களுக்கு மட்டும் என்று கட்டிப்போட்டதன் விளைவை அமெரிக்கா கண்டிருக்கிறது. 1954-இல் பதிப்பாளர்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, போதைப்பொருள் என்ற பேச்சுக்கே நடைமுறையில் இடம் தரவில்லை. 1971-இல் அரசின் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டதற்கிணங்க காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ எழுதிய ஸ்பைடர்மேன் கதையில், நாயகன் பீட்டரின் நண்பன் ஹாரி போதை மாத்திரைக்கு அடிமையாகிச் சீரழிவதைக் காட்டியதால், மூன்று இதழ்கள் அந்த நெறிமுறையின் ஒப்புதல் முத்திரையின்றியே வெளிவந்தன. அந்த எச்சரிக்கை சிறுவர்களுக்குத்தானே தேவைப்பட்டது?

பதில் 2:
நண்பரே, கனமான பொருள் வேறு, குரூரம் வேறு. 1992-இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரில், நோயுற்ற மனைவியை இழந்த துயரமே மிஸ்டர் ஃப்ரீஸைக் குற்றவாளியாக்குகிறது. சிறுவர்களுக்கும் அது புரிகிறது. உங்கள் மகனுக்கு அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த வாரமே அவனோடு பார்க்கிறேன்.