‘ஏஸ்’ விமானிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

மா. எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு உலகப் போர்களின் விமானங்கள், விமானிகள் பற்றி 120 கேள்விகள். வெள்ளி மாலைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். ‘ஏஸ்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பகை விமானங்களில் ஐந்தையாவது வீழ்த்திய விமானிக்கு அந்தப் பெயர்.

‘தலைசிறந்த விமானி’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். 47ஆம் கேள்வி காலை வாரிவிட்டது: “இவர்களில் ஏஸ் அல்லாதவர் யார்?” விடை, ரோலண்ட் காரோஸ். பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் நடக்கும் அரங்கத்துக்குப் பெயர் தந்தவர். அவர் கணக்கில் நான்கு வெற்றிகள்தான். ஆனால் 1913இல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதர் அவர். அவரைத் ‘தலைசிறந்த விமானி அல்லர்’ என்று எழுதக் கை கூசுகிறது. எண்ணிக்கையைக் காட்டும் சொல் ஒன்று வேண்டும்.

ச. எழுதியது:

அம்மா, ‘ஏஸ்’ என்றே போட்டுவிடுங்கள். டென்னிஸ் செய்தியில் பத்திரிகைகள் அப்படித்தானே எழுதுகின்றன? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இரா. எழுதியது:

புரியும் என்பதற்காக எதையும் உள்ளே விட்டுவிடலாமா, தம்பி? ஸகர மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. கட்டாயம் கடன் வாங்கத்தான் வேண்டுமென்றால் பஸ்ஸைப் ‘பசு’ ஆக்காமல் ‘பேருந்து’ ஆக்கியது போல நமக்கென்று ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். அதுவும் முடியாது என்றால் உகரம் சேர்த்தாவது எழுதுங்கள்.

ச. எழுதியது:

உகரம் சேர்த்தேன், ஐயா: “ஜெர்மனியின் ஏசு எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தினார்.” எண்ணிக்கை சரி. மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வே. எழுதியது:

சிரிப்பதற்கு முன் வேரைப் பாருங்கள். ‘ஏ’ என்றால் தமிழில் அம்பு. கோட்டை மதிலில் அம்பு எய்ய விட்ட துளை ‘ஏப்புழை’. ஏ, எய், ஏவு, ஏவுகணை எல்லாம் ஒரே குடும்பம். எய்வதில் வல்லவனுக்கு மேலை நாட்டார் ‘ஏஸ்’ என்று பெயர் வைத்தது தற்செயலா? இது குறித்து விரிவான கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

ச. எழுதியது:

தற்செயல்கூட இல்லை, ஐயா. சொல் பிறந்தது பிரெஞ்சில். அங்கே அது ‘ஆஸ்’. உங்கள் ‘ஏ’ அதில் இல்லை. சீட்டுக்கட்டில் ராஜாவையும் வெட்டும் ஒற்றைப் புள்ளிச் சீட்டுக்கு அந்தப் பெயர். அதற்கும் முன்னால் லத்தீனில் ஒரு செப்புக்காசு. 1915இல் அடோல்ஃப் பெகூ என்ற விமானியைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் அப்படி அழைத்தன. பிரிட்டனின் விமானப்படை முதல் போரில் இந்தப் பட்டத்தை முறைப்படி ஏற்கவே இல்லை. ஜெர்மானியர் ‘பீரங்கி’ என்று பொருள்படும் சொல்லை வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அவரவர் வீட்டுச் சொல்லை எடுத்தார்கள் என்பது உண்மைதான். அந்த அளவுக்கு இரா. ஐயா பக்கம் நியாயம் இருக்கிறது.

இரா. எழுதியது:

பிரெஞ்சு ‘ஆஸ்’ என்றால் ‘ஆசு’ ஆக்கலாமா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். ஆசு என்றால் குற்றம். ‘மாசற்ற, ஆசற்ற’ என்கிறோம். இன்னொரு பக்கம் ஆசுகவி இருக்கிறார், நொடியில் பாடுபவர். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகைக் கவிகளில்…

மா. எழுதியது:

ஐயா, மன்னியுங்கள். இன்று புதன்கிழமை.

இரா. எழுதியது:

சரி, நேராக வருகிறேன். எண்ணிக்கைதானே வேண்டும்? போரில் கொன்ற கணக்கை வைத்துச் சிறப்புச் செய்யும் வழக்கம் நமக்குப் புதிதா? “ஆனை ஆயிரம் அமரிடை வென்ற மானவனுக்கு வகுப்பது பரணி.” ஆயிரம் யானைக்கு ஒரு நூல், ஐந்து விமானத்துக்கு ஒரு பட்டம். “களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே” என்ற புறநானூற்று அடியையும் நினையுங்கள். எறிந்தால் மட்டும் போதாது, பெயர்ந்து வரவும் வேண்டும். விமானிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கே கிடைக்கும்?

என் பரிந்துரை ‘ஏனாதி’. தமிழ் அரசர்கள் படைத்தலைவர்களுக்கு மோதிரம் அணிவித்துக் கொடுத்த பட்டம். வீரம் இருக்கிறது, சிறப்பு இருக்கிறது, அடையாளமும் இருக்கிறது.

வே. எழுதியது:

பரணி பாட எழுநூறு யானை போதும் என்கிறது பன்னிரு பாட்டியல் என்ற இலக்கண நூல். ஆயிரம் என்று முடிவாகச் சொல்ல வேண்டாம்.

ச. எழுதியது:

அங்கேயும் இதே கூத்துதான். ஜெர்மனியின் ‘பூர் லெ மெரித்’ விருதை 1916 தொடக்கத்தில் எட்டு வெற்றிக்குக் கொடுத்தார்கள். பிறகு பதினாறாக உயர்த்தினார்கள். பெல்ஜியத்தின் வில்லி கொப்பன்ஸ் கணக்கில் 37 இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை விமானங்களே அல்ல, கயிற்றில் கட்டி மேலே விட்டிருந்த வேவு பலூன்கள். அம்மா, உங்கள் விளக்கத்தில் ‘பகை விமானங்கள்’ என்பதைத் திருத்திவிடுங்கள்.

ஏனாதி அழகான சொல். ஆனால் அது அரசன் கொடுப்பது. ‘ஏஸ்’ பத்திரிகைக்காரன் கொடுத்தது. மேலும் ‘வான் ஏனாதி’யைச் சேர்த்து ‘வானேனாதி’ என்று எழுதினால் ‘வானேன், ஆதி’ என்று பிரித்துப் படிப்பார்கள்.

‘ஐவீழ்த்தி’ எப்படி? எண்ணிக்கை சொல்லிலேயே வந்துவிடுகிறது.

பொ. எழுதியது:

குளிரூட்டி, ஒலிபெருக்கி வரிசையில் ஐவீழ்த்தி. கடையில் விலை கேட்பார்கள். ஐந்தைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் ‘ஐந்தவித்தான்’ ஏற்கெனவே குறளில் இருக்கிறது. ஆனால் அவர் அடக்கியது ஐம்பொறிகளை, ஃபோக்கர் விமானங்களை அல்ல.

யாரும் ‘வான்புலி’ என்று தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்துக்காரன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஓர் இயக்கத்தின் விமானப் பிரிவுக்குப் பெயராக இருந்தது. பள்ளிப் புத்தகத்தில் வேண்டாம்.

‘வான்சூரர்’ என்று வைத்துக்கொள்ளலாமே? ‘சூரர்’ எல்லாருக்கும் தெரியும். ‘அர்’ விகுதி இருப்பதால் பெண்களுக்கும் பொருந்தும். சோவியத் ஒன்றியத்தின் லிடியா லித்வியாக், யெகத்தெரீனா புடானவா இருவரையும் ‘வான்வீரன்’ பட்டியலில் எப்படிச் சேர்ப்பீர்கள்?

வே. எழுதியது:

சூர வடசொல். ‘சூர்’ என்றால் தமிழ், ஆனால் அது அச்சம் தரும் தெய்வம். எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவுபடுத்தவும். விமானி என்பதே வடசொல் அடியாகப் பிறந்ததுதான். “வலவன் ஏவா வான ஊர்தி” என்று புறநானூற்றில் இருப்பதால் விமானியை ‘வலவன்’ என்றே…

ச. எழுதியது:

இந்தக் குழுவில் விமானம் என்று யார் வாயெடுத்தாலும் அந்த ஊர்தி வந்து இறங்கிவிடும். அது வலவன் ஏவாதது, ஐயா. நமக்கு ஏவுகிற வலவன் வேண்டும். வான்சூரருக்கு என் வாக்கு. எந்தச் சூர் என்று கேட்டால் இரண்டும் என்று சொல்லிவிடலாம். எதிரே பறந்தவனுக்கு அச்சம்தானே வந்திருக்கும்?

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் பத்து வெற்றிகளைப் பெற்று வான்சூரர் ஆனார், அதே மாதம் 22ஆம் நாள் தம் 19ஆம் வயதில் வீழ்ந்தார்.” தடுக்காமல் ஓடுகிறது.

இரா. எழுதியது:

தடுக்காமல் ஓடுவதுதான் சொல்லுக்கு இலக்கணமா? ஏனாதிநாத நாயனாரை நினைத்துப் பாருங்கள். வாள்வித்தை கற்பித்தவர். ச. தம்பி சொன்ன அந்தப் பெகூவும் பறக்கக் கற்பித்தவர்தான். போருக்கு முன் அவரிடம் பயின்ற ஜெர்மானியரே 1915 ஆகஸ்ட் 31 அன்று அவரைச் சுட்டு வீழ்த்தினார் என்று படித்தேன். வித்தை சொல்லிக்கொடுத்தவர் வித்தையாலேயே முடிந்த இந்தப் பொருத்தம் உங்களுக்குப் படவில்லையா?

பொ. எழுதியது:

ஐயா, நாயனாரைக் கொன்றவன் அவருடைய மாணவன் அல்லனே. தொழிலில் போட்டி போட்ட தாயத்தான். நெற்றியில் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்து, நெருங்கியதும் காட்டினான். அடியாரை வெட்டக் கூடாது என்று நாயனார் நின்றுவிட்டார். ஆயுதம் இல்லாதவரைக் கொன்ற பழி அவனுக்கு வரக்கூடாது என்று வாளைக்கூடக் கீழே போடவில்லை. வான்சண்டையில் அப்படி நின்ற எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

மா. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெள்ளி காலை ஆகிவிட்டது. வான்சூரருக்கு மூன்று வாக்குகள், என்னுடையதையும் சேர்த்து. ஏனாதிக்கு ஒன்று. வே. ஐயா கட்டுரை அனுப்பியிருக்கிறார், வாக்கு அனுப்பவில்லை. முதல் முறை வரும் இடத்தில் ‘பகை விமானங்களோ பலூன்களோ ஐந்தையாவது வீழ்த்தியவர்’ என்று விளக்கம் கொடுத்து, மற்ற இடங்களில் ‘வான்சூரர்’ என்று மாற்றிவிட்டேன். 47ஆம் கேள்வி பிழைத்துக்கொண்டது. 63ஆம் கேள்வியில் ‘டாக்ஃபைட்’ வருகிறது. அதை உங்களிடம் கேட்பதாக இல்லை.

இரா. எழுதியது:

வாழ்த்துகள், அம்மா. ஒரே ஒரு குறிப்பைப் பதிவுக்காக எழுதி வைக்கிறேன். ஏனாதிநாதரைக் கொன்றவன் பெயரை யாரும் சொல்லவில்லை. அதிசூரன். இந்தக் குழுவிலும் ஏனாதியைச் சூரர்தான் வீழ்த்தியிருக்கிறார். நேரில் பார்த்த சாட்சிகள் இருப்பதால் கணக்கில் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நான்கு வேண்டும்.