செயற்கைக் கையில் காளி வேடத்துக்கான சூலத்தைப் பொருத்துவது எப்படி?

குலசேகரத்துக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் சிக்கி என் இடது கை முழங்கைக்குக் கீழே போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தோள்வாரும் கேபிளும் இழுக்க, நுனியிலுள்ள ஹூக் திறக்கும் வகைச் செயற்கைக் கையைப் பயன்படுத்துகிறேன். அப்போது அம்மா நேர்ந்துகொண்டபடி, இவ்வாண்டு தசராவுக்கு மாலை போட்டு, குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்குக் காளி வேடம் கட்டப் போகிறேன். வலது கை காணிக்கை வாங்குவதற்கு வேண்டும் என்பதால் சூலத்தை இடது கைதான் ஏந்த வேண்டும். ஒரு மூங்கில் கம்பை ஹூக்கில் பிடித்துப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் கம்பு சுழன்று, அதன் நுனி அருகில் நின்ற அக்கா மகனின் கன்னத்தை உரசியது. எஞ்சிய கை நுழையும் கூடான சாக்கெட்டில் இரண்டு துளை போட்டு இரும்புப் பட்டை வைத்து முறுக்கிவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர். அப்படிச் செய்யலாமா?

நாகர்கோவில் நுட்பர்:
துளை போட வேண்டாம். ரெசினில் செய்த சாக்கெட்டானாலும் பிளாஸ்டிக்கில் செய்ததானாலும் துளையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். உள்ளே நீட்டும் திருகு முனை தோலையும் அறுக்கும். உங்கள் ஹூக்கைக் கழற்றினால் மணிக்கட்டில் மரை தெரியும். அங்கேயே சூலத்துக்கான தாங்கியைத் திருகிக்கொள்வதுதான் முறை. ஆனால் மரை எல்லாக் கைகளிலும் ஒன்றல்ல: சிலவற்றில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 சுற்று இருக்கும், வேறு சிலவற்றில் 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவதால், மாற்றி முறுக்கினால் முதல் சுற்று ஏறிவிட்டு அப்புறம் மரையையே தின்றுவிடும். ஹூக்கையே பட்டறைக்கு எடுத்துச் சென்று அதன் மரையை அளந்து கடையச் சொல்லுங்கள்.

எடையைவிட, அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே கையை வருத்தும். கையை நீட்டியிருக்கும்போது 600 கிராம் சூலத்தின் எடைமையம் எஞ்சிய கையின் நுனிக்கு 40 சென்டிமீட்டர் அப்பால் இருந்தால், 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள சாக்கெட்டின் மேல்விளிம்பில் ஏறக்குறைய 2 கிலோவும், நுனியில் 2.6 கிலோவும் அழுத்தும். மேளத்துக்கு ஆடும்போது அது இன்னும் கூடும். ஆகவே சூலம் கையின் தொடர்ச்சியாக முன்னால் நீளக் கூடாது. உள்ளங்கை பிடித்திருப்பதுபோல் குறுக்கே நின்று, கம்பின் எடை மணிக்கட்டுக்கு மேலும் கீழும் சமமாகத் தொங்க வேண்டும்.

அகஸ்தீஸ்வரம் வேடக்கலைஞர்:
தம்பி, நான் பல ஆண்டுகளாகக் குலசைக்கு (குலசேகரன்பட்டினத்துக்கு) போகும் குழுக்களுக்கு வேடம் கட்டி வருகிறேன். கேட்காமலே ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. காளிக்கு முதுகில் கட்டும் கூடுதல் கைகளின் சட்டம் இரண்டு தோள்களையும் இறுக்கிப் பிடிக்கும். உங்கள் கேபிளை இழுக்கும் வாரும் அதே தோளில்தான் கிடக்கிறது. சட்டம் அதன்மேல் ஏறினால் நீங்கள் குனியும்போதெல்லாம் கேபிள் இழுபடும். சூலத்தை மரையில் பூட்டிவிட்டால் ஹூக் திறக்க வேண்டிய தேவையில்லை. அன்றைக்குக் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, கை நழுவாமல் பிடிக்கும் வாரை மட்டும் விட்டுவைக்கலாமா என்று நுட்பரிடம் கேளுங்கள். சட்டத்தை நான் இடுப்புப் பட்டையில் ஊன்றிக் கட்டித் தருவேன்.

சூலத்தின் மூன்று இலைகளை முருக்கு மரத்தில் செதுக்கி வெள்ளித்தாள் ஒட்டினால், கம்போடு சேர்ந்தும் எடை கைக்கு உறைக்காது. இரும்பு ஆயுதங்களைக் கொண்டுவரக் கூடாதென்று காவல்துறை அறிவிப்பதும் வழக்கம் என்பதால் மரமே எல்லா வகையிலும் நல்லது.

குளச்சல் கடற்கரைப் பெண்:
எனக்குப் பிறவியிலேயே வலது முன்கை இல்லை. ஊர்த் திருவிழா நாடகத்தில் வாளேந்திய அரசியாக நடித்தபோது வாளைச் செயற்கைக் கையோடு இறுக்கமாகக் கட்டிவிட்டார்கள். திரைச்சீலையில் வாள் மாட்டியதும், வாளை விட முடியாமல் என் தோள்தான் இழுபட்டது. ஐந்து நாள் கையைத் தூக்க முடியவில்லை. அண்ணா, குலசைக் கூட்டத்தில் யாருடைய சடைமுடியிலாவது சூலம் சிக்கினால் அது தானாகக் கழன்று வர வேண்டும். கம்பைத் தாங்கியில் திருகாமல், பிரித்து ஒட்டும் நாடாவை (வெல்க்ரோ) சுற்றிப் பிடித்திருங்கள். பலமாக இழுத்தால் பிரிந்துவிடும்.

கைவிரல்கள் தெரிய வேண்டுமென்று மேலே பிவிசி உறை மாட்டுவதானால் பழைய உறையை மாட்டுங்கள். என் உறையில் ஏறிய குங்குமச் சிவப்பு எதைக் கொண்டு தேய்த்தும் போகவில்லை. ரப்பர் பால் உறையானால் தேங்காயெண்ணெய் படவே கூடாது, ரப்பர் ஊறி இளகிவிடும். வேடத்துக்கு முன் முகத்தில் எண்ணெய் தடவிய கையால் அதைத் தொட்டுவிடாதீர்கள். சாக்கெட்டுக்குள் எஞ்சிய கையில் மாட்டும் உறைத்துணியில் மாற்றாகக் குறைந்தது மூன்று வைத்துக்கொண்டு, வியர்வையில் நனைந்ததும் மாற்றுங்கள். கையைக் கழற்றி இருபது நிமிடம் ஆகியும் தோலின் சிவப்பு மறையாவிட்டால் அன்று மீண்டும் போடாதீர்கள்.

குலசேகரத்துக்காரன்:
மூவருக்கும் நன்றி. ஹூக்கைக் கழற்றி அளந்ததில், அரை அங்குல மரைதான். பட்டறைக்காரர் அலுமினியத்தில் தாங்கி கடைந்து தந்தார். சூலம் 380 கிராம் வந்தது. நேற்று முற்றத்தில் மேளத்தைப் போட்டு அரை மணி நேரம் ஆடினேன், சூலம் சுழலவில்லை. அக்கா மகனை இழுக்கச் சொன்னேன். மூன்றாவது இழுப்பில் சூலம் கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. சாக்கெட்டின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு விழுந்து, கால் மணி நேரத்தில் மறைந்தது. அந்த விளிம்பைச் சற்றுத் தேய்க்கலாமா என்று கேட்டு, வரும் திங்கட்கிழமை நுட்பரிடம் கையை நேரில் காட்ட வருகிறேன்.