அம்மா கேட்ட சத்தம்

குழு: நம் வீடு

சனிக்கிழமை

காலை 6:20 – அம்மா
நீச்சல் குளத்துப் பம்ப் இன்றைக்கும் அலறுகிறது. நேற்று வரை ஓடத் தொடங்கும்போது மட்டும்தான் சத்தம். இன்று நான் தண்ணீரில் நடந்து முடிக்கும் வரை ஓயவில்லை.

6:24 – அண்ணன்
உடனே அணைத்துவிடுங்கள் அம்மா. அதற்கு 11 வயதாகிவிட்டது. இந்த முறை பழுது பார்க்கிற பேச்சே வேண்டாம். 2 குதிரைத்திறனில் பெரிய பம்பாக வாங்கிப் போட்டுவிடலாம், தண்ணீரும் பளிச்சென்று இருக்கும்.

6:31 – சித்தப்பா
சத்தம் போட்டால் தூக்கி எறிந்துவிடுவதா? பேரிங் தேய்ந்திருக்கும். இரண்டு பேரிங்கும், தண்ணீர் மோட்டார் பக்கம் கசியாமல் தடுக்கும் சீலும் மாற்றினால் இன்னும் ஐந்து வருடம் ஓடும்.

6:33 – அக்கா
அம்மா, எப்படிப்பட்ட சத்தம்? கூழாங்கற்களை உருட்டுவது போலவா? அப்படியானால் பம்புக்குத் தண்ணீர் போதவில்லை, அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது. பம்பின் முன்னால் உள்ள கூடையில் இலை அடைத்திருக்கலாம், அதன் மூடியின் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், காய்ந்திருக்கலாம். அதற்குப் பம்பை மாற்றவே வேண்டியதில்லை.

6:37 – அம்மா
கூழாங்கல் மாதிரி இல்லை. இரும்போடு இரும்பு தேய்வது போல. அணைத்த பிறகும் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் கர்ரென்று நிற்கிறது.

6:38 – சித்தப்பா
அண்ணி சொல்வதே போதும். பேரிங்தான்.

8:15 – நான்
மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தின் கீழே துரு வழிந்த கோடு தெரிகிறதா? அதன் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. தண்ணீர் இன்று நேற்றாக ஒழுகவில்லை. பின்னால் உள்ள விசிறியைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போல நறநறக்கிறது.

8:22 – சித்தப்பா
அப்படியானால் முதலில் போனது சீல். அது விட்ட தண்ணீர் தண்டு வழியாக முன்பக்கப் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிட்டது. சத்தத்தை மட்டும் பார்த்து பேரிங்கை மாற்றிவிட்டுச் சீலை விட்டிருந்தால் மூன்றே மாதத்தில் திரும்ப அலறியிருக்கும்.

8:25 – அக்கா
இரண்டு வருடங்களுக்கு முன்பும் இதே இரண்டையும்தானே மாற்றினோம்?

8:29 – அப்பா
ஆமாம். ரசீது என்னிடம் இருக்கிறது. சீல், பேரிங், ஓ-ரிங்.

8:31 – அக்கா
இரண்டே வருடத்தில் சீல் போகக் கூடாது அப்பா. ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. தம்பி, பம்பைப் பிரித்துச் சீலின் ரப்பரைத் தொட்டுப் பார்.

9:40 – நான்
பிரித்துவிட்டேன். ரப்பர் விரலில் மை போல் ஒட்டுகிறது, துடைத்தாலும் போகவில்லை. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் கறுப்பாக இருந்தது, வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. சீல் உட்காரும் இடத்தில் தண்டில் சிறு சிறு குழிகள். நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடுக்குகிறது.

9:44 – அக்கா
இது தேய்மானம் இல்லை, அமிலம் அரித்தது. குளோரின் மாத்திரைகளை இப்போது எங்கே போடுகிறீர்கள்?

9:52 – அப்பா
மாத்திரை வைக்கும் மிதவை உடைந்ததிலிருந்து, மேல்தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடையில்தான் போடுகிறேன். அதுவும் தண்ணீரில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

9:58 – அக்கா
அங்கேதான் சிக்கல் அப்பா. பம்ப் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடுகிறது, மீதி 16 மணி நேரம் நிற்கிறது. நிற்கும்போதும் மாத்திரை கரைந்துகொண்டேதான் இருக்கும். மாத்திரையில் உள்ள குளோரின் வகையான ட்ரைகுளோரின் கரைசலுக்கு பிஹெச் ஏறத்தாழ 3, வினிகரின் புளிப்பு. ஸ்கிம்மரிலும் குழாயிலும் அது அடர்த்தியாகத் தேங்கி நிற்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டதும் அந்தத் தண்ணீர் நேராகப் பம்புக்குள்தான் போகிறது. தினமும் இதே கதை.

10:03 – அப்பா
அப்படியென்றால் பம்பைக் கெடுத்தது நான்தானா? முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

10:05 – அக்கா
அப்படிச் சொல்லாதீர்கள் அப்பா. 11 வருடமாக ஒரு நாள் கூடக் குளம் பச்சையாகாமல் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். மாத்திரை மட்டும் இடம் மாற வேண்டும். இன்னொன்று, மாத்திரை கிடந்த கூடையில் வேறு வகைக் குளோரின் பொடியை ஒருபோதும் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வெடிக்கக்கூடும்.

10:10 – சித்தப்பா
காரணம் தெரிந்துவிட்டது. மாத்திரையை இடம் மாற்றுங்கள், மோட்டாரைப் பழுது பாருங்கள். புதிது எதற்கு?

10:14 – நான்
எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது சித்தப்பா. குழி விழுந்த தண்டில் புதுச் சீல் நிற்குமா?

10:19 – சித்தப்பா
நிற்காது. தண்டைக் கடைசலில் சரிசெய்ய வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்குக்குள் ஈரம் போயிருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்து, மின் காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல். 1 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நான் சொன்னபடி பழுது பார்க்கலாம். கீழே என்றால் என் வாதத்தை நானே விட்டுவிடுகிறேன்.

மாலை 4:50 – நான்
பார்த்தாயிற்று. 0.4 மெகா ஓம். அதோடு, மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்த வேண்டிய, குளத்துக்கான 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழவே இல்லை. அதை அங்கேயே, அப்போதே மாற்றச் சொல்லிவிட்டேன்.

4:53 – அக்கா
இதைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. அம்மா அந்தத் தண்ணீரில்தான் தினமும் நடக்கிறார்கள்.

4:58 – சித்தப்பா
காய வைத்தால் அளவு கொஞ்சம் ஏறலாம். ஆனால் அதை நம்பி அண்ணியைத் தண்ணீரில் இறங்கச் சொல்ல மாட்டேன். வைண்டிங், தண்டு, பேரிங், சீல், வெளுத்துப்போன இம்பெல்லர் எல்லாவற்றையும் கூட்டினால் புது மோட்டாரே வந்துவிடும். மாற்றிவிடுங்கள். வெறும் கெப்பாசிட்டர் போயிருந்தால் கடைசி வரை சண்டை போட்டிருப்பேன்.

5:02 – அண்ணன்
இதைத்தானே காலை 6:24-க்கே சொன்னேன். 2 குதிரைத்திறன்.

5:20 – நான்
மாற்றுவது சரி, பெரிதாக்குவதுதான் சரியில்லை அண்ணா. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இப்போதைய ஒன்றரைக் குதிரைத்திறன் பம்ப் மணிக்குச் சுமார் 15,000 லிட்டர் தள்ளுகிறது. நம் உறிஞ்சும் குழாய் 50 மில்லிமீட்டர். அதில் தண்ணீர் இப்போதே வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 1.8-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். குழாயை மாற்றாமல் பெரிய பம்பை வைத்தால் அக்கா சொன்ன கூழாங்கல் சத்தம் நமக்கும் வந்துவிடும்.

5:23 – அக்கா
குளத்தின் அடியில் தண்ணீரை இழுக்கும் அடிவடிகாலின் மூடியையும் மறந்துவிடாதீர்கள். எவ்வளவு ஓட்டத்துக்கு அது பாதுகாப்பானது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் இழுத்தால் குழந்தையின் முடியையோ கையையோ பிடித்துவிடும். விடுமுறைக்கு உங்கள் பிள்ளைகள்தான் முதலில் குதிப்பார்கள் அண்ணா.

5:30 – அண்ணன்
அது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, பெரியது வேண்டாம். பிறகு எதை வாங்குவது?

5:46 – நான்
வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பம்ப். இம்பெல்லரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தண்ணீர் ஓட்டமும் பாதியாகும், ஆனால் அதற்குத் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். பழையது சுமார் 1.5 கிலோவாட் இழுத்து 8 மணி நேரம் ஓடியது, நாளுக்கு 12 யூனிட். புதியது பாதி வேகத்தில் 16 மணி நேரம் ஓடினால் அதே அளவு தண்ணீர் வடிகட்டப்படும். கணக்குப்படி 3 யூனிட், மோட்டாரிலும் கட்டுப்பாட்டிலும் வீணாவதைச் சேர்த்து 4 என்றே வையுங்கள். மாதத்துக்கு 240 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் தொகை மின் கட்டணத்திலேயே திரும்பி வந்துவிடும்.

5:49 – அண்ணன்
மெதுவாக ஓடினால் தண்ணீர் கலங்காதா?

5:51 – அக்கா
நேர்மாறு அண்ணா. மணல் ஃபில்டரில் தண்ணீர் மெதுவாகப் போனால்தான் நுண்ணிய அழுக்கு நன்றாகத் தங்கும். மேலே மிதக்கும் இலையை ஸ்கிம்மர் இழுக்கத்தான் வேகம் வேண்டும். அதற்குக் காலையில் ஒரு மணி நேரம் வேகமாக ஓடட்டும். ஃபில்டரைப் பின்னோட்டத்தில் கழுவும்போதும் முழு வேகம்தான்.

5:58 – சித்தப்பா
ஒரு நிபந்தனை. அந்தப் பம்பின் மேல் மின்னணுப் பலகை ஒன்று உட்கார்ந்திருக்கும். வெயிலும் ஈரமும் மின் அழுத்த ஏற்ற இறக்கமும் அதற்கு ஆகாது, போனால் என்னாலும் சரி செய்ய முடியாது. மேலே நிழற்கூரை, காற்றோட்டம், மின் எழுச்சிக்கு ஒரு காப்பான், தரையிலிருந்து ஒரு சாண் உயர மேடை. இவை இல்லாமல் வாங்குவதானால் சாதாரணப் பம்பே மேல்.

6:04 – அப்பா
தம்பி சொன்ன நான்கும் பம்ப் வருவதற்கு முன்பே தயாராகிவிடும். புது மிதவையையும் நானே வாங்கி வருகிறேன்.

6:06 – அம்மா
அது வரை நான் நடக்கக் கூடாதா? ஒரு வாரம் விட்டால் முழங்கால் இறுகிப்போகிறது.

6:08 – அக்கா
கூடாது அம்மா. பம்ப் ஓடாவிட்டால் குளோரினும் பரவாது. வராந்தாவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், மாலையில் அழைத்து நானும் கூடவே செய்கிறேன்.

வியாழக்கிழமை

காலை 6:25 – அம்மா
சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. தண்ணீர் திரும்பி வரும் துளையில் கையை வைத்துப் பார்த்தேன், வருகிறது.

6:27 – சித்தப்பா
கூடையின் மூடி வழியாகப் பார். காற்றுக் குமிழி ஓடுகிறதா?

6:29 – நான்
இல்லை சித்தப்பா. மூடி வரைக்கும் தண்ணீர் நிறைந்து நிற்கிறது.